அழைப்புக்குக் காத்திருந்த மூன்று விரல்கள்

ஒரு காலத்தில் இந்த உலகத்தில் யாருக்குமே கை கிடையாது, கால் கிடையாது. அதனால் கைதட்டுகிறவர்களும் இல்லை, காலை வாருகிறவர்களும் இல்லை. இருந்ததெல்லாம் தண்ணீரும், தண்ணீருக்குள் வாயைத் திறந்து திறந்து மூடுகிற கூட்டமும்தான். ஊர் அமைதியாக இருந்தது.

அந்தக் காலம் முடியப்போகிற சமயத்தில் ஒரு குட்டை. சுத்தமான குட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கரையோரத்து மரங்கள் கொட்டிய சருகு ஊறி ஊறி, தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அடியில் பாசியும் கொடியும் பின்னிப் புரண்டு கிடக்கும். விசிறி மாதிரித் துடுப்பு வைத்திருந்த மீன்கள் தெரியாமல் அந்தப் பக்கம் வந்துவிட்டால், விசிறி கந்தலாகித்தான் வீடு திரும்பும்.

அந்தக் குட்டையில் அகலவாயி என்று ஒருத்தி இருந்தாள். பாதி மீன், மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே தெரியாது. தட்டையான தலை, அதை இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு வாய். மற்றவர்களுக்குத் துடுப்பு இருக்கிற இடத்தில் அவளுக்குக் கட்டை கட்டையாக நாலு கால்கள். கரையேறி நடக்கத்தான் அவள் கால் வளர்த்தாள் என்று பின்னால் வந்தவர்கள் கதை கட்டினார்கள். சுத்தப் பொய். கரை என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. பாசியை விலக்கிக்கொண்டு அடித்தரையில் ஊர்ந்து போக ஒரு கால் வேண்டும். இரை வரும்வரை ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடக்க இன்னொரு கால் வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

நம் கதை அவளுடைய வலது முன்னங்காலில் நடந்தது. மற்ற மூன்று கால்களிலும் இதே கூத்துதான். நாலு வீட்டுச் சண்டையையும் சொன்னால் உங்களுக்குத் தலை வலிக்கும் என்பதால் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வீட்டுக்குப் பெரியவர் ஒண்டிக்கட்டை. தோளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒற்றை எலும்பு. பெயருக்கேற்ற மாதிரி தனி ஆள், தடித்த ஆள், இருந்த இடத்தை விட்டு அசையாத ஆள். அவருக்குக் கீழே இரட்டையர்: நெட்டையன், குட்டையன் என்று இரண்டு எலும்புகள், எப்போதும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். பெரியவர் சொன்னதைக் கீழே கொண்டுபோய்ச் சொல்வதும், கீழே வாங்கிக் கட்டிக்கொண்டதை மேலே வந்து சொல்வதும் அவர்கள் வேலை. அதற்கும் கீழே, வாசலோரம், விரல்கள். ஐந்து என்று நினைத்திருப்பீர்கள். அப்போது எட்டு.

எட்டில் முதல் ஐந்து பேர் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களில் மூத்தவன் கட்டைகுட்டையான ஆள், பேச்சுக் குறைவு. அந்த ஐவரும் முன்னால் வந்து இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்று பேரும் பிறகுதான் வந்தார்கள். பிறகு வந்ததாலேயே தங்களைச் சம்பந்தி வீட்டார் மாதிரி நினைத்துக்கொண்டார்கள். ஆறாவதின் பெயர் முறுக்கன். பெயரைச் சொன்னாலே ஆளைத் தெரிந்திருக்கும். ஏழாவது தலையாட்டி, முறுக்கன் எதைச் சொன்னாலும் அதுதானே என்பான். எட்டாவது ஒரு துளியூண்டுப் பெண், துக்கிணி. அவளுக்கு எல்லாரோடும் சேர்ந்து மண்ணைப் பிடித்து விளையாட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் முறுக்கன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எப்படி வாயைத் திறப்பாள்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேலையையும் கூப்பிடாமல் தொடங்கக் கூடாது. ஒரு கொடியைத் தள்ளுவதென்றாலும் பெரியவர் இரட்டையரிடம் சொல்ல வேண்டும், இரட்டையர் கீழே போய் விரல்களை அழைக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒருமுறை ஒரு பெரிய இரை வசமாக மாட்டியபோது, அவசரத்தில் நெட்டையன் பாதி வழியில் நின்றபடியே எல்லாரும் வாங்க என்று பொதுவாகக் கத்திவிட்டான். ஐவரும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். முறுக்கன் அசையவில்லை. பொதுவாகக் கத்துவது ஊருக்குத் தண்டோரா போடுவது, உறவுக்கு அழைப்பு அப்படியா என்று கேட்டான். அன்று தூக்கி வைத்த முகத்தை அவன் இறக்கவே இல்லை.

தண்ணீருக்குள் இருந்தவரை இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் வரவில்லை. உடம்பின் பாரத்தைத் தண்ணீர் சுமந்துகொண்டது. மூன்று விரல் வேலை செய்யாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. வேலை செய்யாதது கூட யார் கண்ணிலும் படவில்லையே என்பது முறுக்கனுக்கு இன்னொரு வருத்தம்.

அப்புறம் மழை பொய்த்தது.

குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. கடுங்காப்பி கஷாயமானது, கஷாயம் குழம்பானது. விசிறித் துடுப்புக்காரர்கள் மேலே வந்து வாயைப் பிளந்தார்கள், பிறகு பிளந்த வாயோடு மிதந்தார்கள். அகலவாயிக்கு வயிறு நிறைய முட்டை. இந்தத் தண்ணீரில் விட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கிழக்கே ஒரு சேற்று மேடு. அந்த மேட்டைத் தாண்டி எங்கேயோ பெரிய தண்ணீர் இருப்பது காற்றில் வாசனையாக வந்தது. அவள் ஆசைப்பட்டது தரைக்கு இல்லை, இன்னொரு தண்ணீருக்கு. தரை நடுவில் குறுக்கே கிடந்தது, அது தரையின் தலையெழுத்து.

பொழுது கிளம்பும்போதே போய்விடலாம் என்று அவள் ஒண்டிக்கட்டையிடம் சொன்னாள். வெயில் ஏறினால் தோல் காய்ந்துவிடும், மூச்சு நின்றுவிடும். அவர் இரட்டையரை அனுப்பினார்.

இரட்டையர் இந்த முறை ஜாக்கிரதையாக இருந்தார்கள். வாசல்வரை போய், ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மூத்தவன் சரி என்று தலையை அசைத்தான். அவனுக்கு அடுத்த நாலு பேரும் தயாராக எழுந்து நின்றார்கள். முறுக்கன் முன்னால் வந்ததும் நெட்டையன் நன்றாகக் குனிந்து, தயவுசெய்து நீங்களும் உங்க ஆட்களும் வரணும் என்றான். குட்டையன் இன்னும் குனிந்தான்.

முறுக்கன் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பெரியவர் எங்கே? அவர் வந்து கூப்பிடலையா?"

இரட்டையர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்தான் அனுப்பினார் என்றார்கள். அனுப்புவது வேறு, வருவது வேறு என்றான் முறுக்கன். அதுதானே என்றான் தலையாட்டி. துக்கிணி மட்டும், இவங்க வந்து இவ்வளவு சொல்றாங்களே என்று மெதுவாக இழுத்தாள். முறுக்கன் ஒரு பார்வை பார்த்தான், அவள் மடக்க ஆரம்பித்த நுனியை நேராக்கிக்கொண்டாள்.

இரட்டையர் மேலே போனார்கள். ஒண்டிக்கட்டைக்கு முதலில் வந்தது கோபம். இந்த வீட்டுக்கே தலை நான், நேற்று முளைத்ததுகள் வாசலுக்கு நான் போய் நிற்பதா என்று தோளுக்குள் உருமினார். குட்டையன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். வெயில் ஏறுது, முட்டை இருக்கு, ஒரு தடவை போய்த் தலையைக் காட்டிட்டு வந்தா என்ன குறைஞ்சு போகும் என்றான். பெரியவர் தோளுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் எப்படிடா போறது? தோளை விட்டு எழுந்தா காலே கழண்டுடும்."

உண்மை அதுதான். போகக் கூடாது என்ற வீம்பு பாதி, போக முடியாது என்ற இயலாமை பாதி. அவர் அந்த இயலாமையை அப்படியே கீழே சொல்லி அனுப்பியிருக்கலாம். என்னால் வர முடியாதப்பா, மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் வீட்டுக்குத் தலையாக இருக்கிறவர்களுக்கு வர மாட்டேன் என்று சொல்வது சுலபம், வர முடியவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம். என் சார்பாக வந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இரட்டையர் மறுபடி இறங்கினார்கள். முறுக்கன் மறுபடி அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

இதற்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. அகலவாயியால் இனிமேலும் பொறுக்க முடியவில்லை. இருக்கிறதை வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று வாலை ஓங்கி அடித்துக் கரையில் விழுந்தாள்.

விழுந்த பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்தது. தன் உடம்புக்கு எடை உண்டு. அதுவரை தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது. இப்போது வயிறும் முட்டையும் வாயும் எல்லாம் சேர்ந்து அவள் மேலேயே உட்கார்ந்தன. ஐந்து விரல்கள் சேற்றைக் கவ்வி இழுத்தன. மூன்று விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. விறைத்து நின்றதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பக்கவாட்டில் சேற்றுக்குள் முளை அடித்த மாதிரி குத்திக்கொண்டன. ஐந்து பேர் முன்னால் இழுக்க, மூன்று பேர் பின்னால் பிடிக்க, அவள் மேட்டின் நடுவில் மாட்டிக்கொண்டாள். முன்னால் தண்ணீர் இல்லை, பின்னாலும் இல்லை.

தோல் இறுகியது. கண் மங்கியது. தன் காலின் நுனியில் என்ன நடக்கிறது என்று அவளால் பார்க்கவும் முடியவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து கிடையாது. தெரியாத திசையைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"யாரு பிடிச்சு வச்சிருந்தாலும் சரி, எனக்காக வேணாம். வயித்துல இருக்கிறதுங்களுக்காக வந்துடுங்க."

முறுக்கனுக்கு அது உறைத்தது. அவன் கெட்டவன் இல்லை. நெஞ்சு என்று ஒன்று விரலுக்கு இருந்தால் அது அப்போது அடித்துக்கொண்டிருக்கும். தலையாட்டி முதல்முறையாக எதற்கும் தலையாட்டாமல் அவன் முகத்தையே பார்த்தான். ஆனால் முறுக்கனின் வாயில் வந்தது இதுதான்:

"வர மாட்டோம்னு யாரு சொன்னா? கூப்பிடத்தானே சொல்றோம்."

அதுவரை பேசாமலிருந்த மூத்தவன் இப்போது பேசினான். மற்ற நால்வரையும் பார்த்து, கூப்பிடுறதுக்கு யாரும் மிச்சம் இருக்க மாட்டாங்க, போவோம் என்றான். நால்வரும் அவனை நெருங்கி நின்றார்கள். ஐவரும் ஒரே பிடியாகச் சேற்றில் இறங்கினார்கள். இழுத்தார்கள். பிடுங்கின கோரைக்கிழங்கு மாதிரி அந்த மூவரும் சேற்றிலிருந்து வெளியே வந்து, கூடவே இழுபட்டுப் போனார்கள். வழியெல்லாம் தோல் உரிந்தது.

மேட்டின் உச்சியில் கடைசியாக ஒரு இழுப்பு பாக்கி. ஐவருக்கும் மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் துக்கிணி யாரையும் கேட்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தன் நுனியை மடக்கி ஒரு பிடி சேற்றைப் பிடித்தாள். துளியூண்டுப் பிடிதான். அகலவாயி சரிந்து, உருண்டு, மறுபக்கத்துத் தண்ணீரில் தொப்பென்று விழுந்தாள். துக்கிணி உடனே பழையபடி நிமிர்ந்து நின்றுகொண்டாள். முறுக்கன் பார்த்துவிட்டான். அவள் பிடித்ததை நினைத்தாலே அவனுக்கு வெட்கமாக இருந்தது, தான் பிடிக்காததை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருந்தது. வெட்கப்படத் தெரியாத ஆள் என்ன செய்வான்? கோபப்பட்டான்.

புதுத் தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது. அகலவாயி முட்டைகளைப் பத்திரமாகக் கொடிகளுக்கிடையில் இட்டாள். ஒண்டிக்கட்டை ஐவருக்கும் பாராட்டுச் சொல்லி அனுப்பினார். மூவருக்கும் என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அழைக்காமல் இருந்தது ஒரு குறை என்றால், அழைக்காமலேயே இழுத்துக்கொண்டு போனது இன்னொரு குறை என்று முறுக்கன் பட்டியலில் சேர்த்துக்கொண்டான்.

இனி வருவதை நான் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நடந்து முடியக் கோடிக்கணக்கான வருஷங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு புது உடம்பு உருவாகும். ஒவ்வொரு புது உடம்பும் ஒரு புது வீடு. கட்டி முடிகிற நேரத்தில் எலும்புகள் குடிவர வேண்டும். ஒண்டிக்கட்டை வந்தார், இரட்டையர் வந்தார்கள். மூத்தவன் தன் நால்வரையும் கூட்டிக்கொண்டு, யாரும் அழைக்காமலேயே வந்து இடம் பிடித்து உட்கார்ந்தான். நம்ம வீட்டுக்கு நாம வர நமக்கு என்ன அழைப்பு என்றான். மூவர் மட்டும் முட்டைக்கு வெளியே நின்றார்கள். ஆள் வரட்டும், போவோம் என்றான் முறுக்கன்.

உள்ளே ஒண்டிக்கட்டையும் அவர்களை மறக்கவில்லை. எல்லாம் ஒழுங்குபடட்டும், நானே நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிப் போவார்? தோளை விட்டு எழ முடியாதே. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து அவை முட்டையிட்டன, அவற்றின் பிள்ளைகள் முட்டையிட்டன. ஒவ்வொரு முட்டைக்கு வெளியிலும் மூவர் நின்றார்கள். பழகிப் பழகி, அவர்கள் நிற்பது உள்ளே இருப்பவர்களுக்கு மறந்தே போயிற்று.

வீடுகள் பெருகின. பல்லி வீட்டில் ஐவர், ஆமை வீட்டில் ஐவர், குரங்கு வீட்டில் ஐவர். இந்த முறுக்கு ஐவருக்கும் ஒட்டிக்கொண்ட வீடுகளும் உண்டு. குதிரை வீட்டில் கடைசியில் ஒரே ஒரு விரல்தான் மிஞ்சினான். அவன் யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறான். அது அந்தக் குடும்பத்து விவகாரம், நமக்கு எதற்கு.

ஆனாலும் எப்போதாவது ஒருநாள், வெளியே நின்று நின்று கால் கடுத்து, மூவரில் ஒருவர் உள்ளே வந்துவிடுவது உண்டு. சேர்ந்துகொள்ள வருவதில்லை. என்னைக் கூப்பிடவில்லை என்று எல்லாரும் பார்க்கும்படி காட்டிவிட்டுப் போக வருவது. கல்யாண மண்டபத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வந்திருப்பார், ஆனால் பந்தியில் உட்கார மாட்டார், கை நனைக்க மாட்டார், தூணோரமாக விறைத்துக்கொண்டு நிற்பார். அந்த மாதிரி.

போன ஐப்பசியில் சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் முத்துச்செல்வி என்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. துணியை விலக்கிப் பார்த்த நர்ஸ் சிரித்துக்கொண்டே, உங்க மகளுக்கு வலது கையில் ஆறு விரல், அதிர்ஷ்டக்காரி என்று சொல்லிவிட்டுப் போனாள். முத்துச்செல்வியின் புருஷன் வேலுச்சாமி பிளாஸ்க்கில் காப்பி வாங்கி வரக் கீழே போயிருந்தான்.

முத்துச்செல்வி தன் ஆள்காட்டி விரலைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, ஐந்து விரல்களும் சேர்ந்து அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டன. சேற்று மேட்டில் பிடித்த அதே பிடி. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஆறாவது மட்டும் மடங்காமல், ஒதுங்கி, விறைப்பாக நின்றது. முறுக்கன்தான்.

அவளுக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. எல்லாரும் கூடியிருக்கும்போது இது ஏன் இப்படித் தனியாக நிற்கிறது என்று நினைத்தாள். இன்னொரு கையால் அந்தச் சின்ன விரலின் நுனியைத் தொட்டு, வீட்டுக்கு வந்தவரை உபசரிக்கிற மாதிரி சொன்னாள்.

"ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க, நீங்களும் வாங்க. உங்களுக்காகத்தானே காத்திருக்கோம்."

அகலவாயி காலத்திலிருந்து அவன் கேட்கக் காத்திருந்த வார்த்தை. இத்தனை கோடி வருஷத்தில், யாரும் அனுப்பாமல் தானாக வந்து ஒருவரும் சொல்லாத வார்த்தை. வாசலுக்கே வந்து, முகத்துக்கு நேராக, மரியாதையோடு. முறுக்கனின் உடம்பெல்லாம் தளர்ந்தது. பக்கத்தில் ஐவரும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மூத்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். முறுக்கன் மெல்ல, மெல்ல மடங்கப் போனான்.

பிறகு முத்துச்செல்விக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"வீட்டுக்காரர் எங்கே? அவர் வந்து கூப்பிடலையா?"